பெட்டியோடு புறப்படும் பிள்ளைகள்

 

  இம்மாதம் முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கவிருக்கும் இளைஞர்களே! இவ்வுரையை இல்லத்தில் அமர்ந்து வாசிக்கவிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

கல்வியின் சிறப்பைக் குறித்து இந்த மிம்பரில் எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியாகிவிட்டது. சீனா வரை சென்றேனும் கல்வி தேடுவது பற்றிய செய்தியைக்கூட, அது பலவீனமான அறிவிப்பு என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருப்பதை அறியாத நாட்களில், நானும் இங்கே சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிப்பானாக! இன்று கல்வியின் சிறப்பைப் பேச வரவில்லை. இடம் கிடைத்துவிட்டது, கட்டணமும் கட்டியாகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சு படபடக்கிறதே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இதை இன்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வாரம் சவூதியிலிருந்து நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "ஹஜ்ரத், பிள்ளை இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பயமாக இருக்கிறது என்கிறாளாம். அவளிடம் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் இதே பயத்தோடு ஒரு நாள் என்னிடம் வந்து நின்றவர் அந்தச் சகோதரர்தாம். அன்று நான் சொன்ன பதில் தவறான பதில். அவருடைய அனுமதியைப் பெற்று, பெயரைக் கூறாமல், அதை இங்கே சொல்கிறேன்.

அது 2003ஆம் ஆண்டு. அவர் நம் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவர். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் பிள்ளை. வாப்பா சவூதியில் இருந்தார். பேருந்து நிலையம் வரை வழியனுப்பப் பாதித் தெருவே சென்றது. நானும் சென்றேன், துஆ ஓதினேன்.

மூன்றாவது வாரம். ஒரு வெள்ளிக்கிழமை ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்வதற்கு முன் பள்ளிவாசல் கதவைத் திறக்க வந்தேன். படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். இரவுப் பேருந்தில் வந்தவர், வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டார். வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்துவது ஒன்றும் விளங்கவில்லை என்றார். ஆசிரியர் பெயரைக் கேட்டால்கூட நாக்கு எழுவதில்லை என்றார். விடுதி உணவுக்கூடத்தில் எந்த மேசையில், யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாததால் பல நாட்கள் இரவு உணவுக்கே போகவில்லை என்றார். வாப்பாவிடம் சொல்லலாம் என்றால், வாரத்துக்கு ஒருமுறை வருகிற அழைப்பில், பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எதைச் சொல்வது என்று கேட்டார். அப்போதெல்லாம் மாணவர் கையில் கைப்பேசி அரிது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் ஈமானின் பலவீனம் தம்பி. ஷைத்தானின் ஊசலாட்டம். ஐங்காலத் தொழுகையைப் பேணு, குர்ஆனை ஓது, எல்லாம் சரியாகிவிடும். வாப்பா பாலைவனத்தில் உழைக்கிற பணம் இது, நினைவில் வை" என்றேன். மறுநாளே அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். நல்ல அறிவுரை சொல்லிவிட்டதாக எனக்கு மனநிறைவு வேறு.

அதன்பின் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பருவத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். வருகைப்பதிவு குறைவு என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் வீட்டாருக்கே தெரிந்தது. படிப்பு அத்தோடு நின்றது. பிறகு அவரும் வாப்பாவைப் போலவே சவூதிக்குச் சென்றார். ஹலாலான உழைப்பு, தங்கைகளுக்குத் திருமணம் முடித்தார், வீடு கட்டினார். அந்த உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது, இதே பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அன்றைக்கு நீங்கள் என்னை இரண்டு நாள் இங்கேயே இருக்கச் சொல்லி, ஒரு குவளை கஞ்சி கொடுத்து, என்ன நடந்தது என்று முழுவதும் கேட்டிருந்தால், நான் திரும்பிப் போய்ப் படித்திருப்பேனோ என்னவோ, ஹஜ்ரத்."

சகோதரர்களே! தொழு என்று சொன்னது தவறல்ல. அவர் தொழாதவர் என்று நானாகவே முடிவு செய்ததுதான் தவறு. அவர் ஃபஜ்ருக்கு முன்பே பள்ளிவாசல் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தவர் அல்லவா!

அச்சம் என்பது ஈமானின் குறையா? மூஸா (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, அவர்கள் தம் நெஞ்சை விரிவாக்குமாறு கேட்டார்கள். காரியத்தை எளிதாக்குமாறு கேட்டார்கள். தம் பேச்சு மக்களுக்கு விளங்கும்படி நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு கேட்டார்கள். தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தருமாறும் கேட்டார்கள். 'தாஹா' அத்தியாயத்தில் இது விரிவாக வருகிறது. நெஞ்சு இறுகுவது, நாக்கு எழாதது, தனியே செல்லத் தயங்குவது ஆகிய மூன்றும் ஒரு பெரும் நபியின் வாயிலிருந்து வந்தவை. அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, கேட்டதைக் கொடுத்தான். பின்னர் இருவரும் சேர்ந்தே தங்கள் அச்சத்தை வெளியிட்டபோது, தான் உடனிருந்து கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாக ஆறுதல் அளித்தான். ஆனால் பயணத்தை ரத்து செய்யவில்லை. இதையும் கவனியுங்கள். துணை கொடுத்து அனுப்பினான்.

இன்னொன்று. ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபின் நபி (ஸல்) அவர்கள் இதயம் நடுங்கியவர்களாக வீட்டுக்கு வந்தார்கள். தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள். அந்த மாபெரும் நிகழ்வோடு நம் பிள்ளைகளின் கல்லூரிப் பயத்தை நான் ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக. கதீஜா (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் நீங்கும்வரை எந்த விசாரணையும் இல்லை. பிறகு நடந்ததைக் கேட்டார்கள். கேட்டபின், உறவினரைச் சேர்ந்து வாழ்பவர், பிறர் சுமையைச் சுமப்பவர், விருந்தினரை உபசரிப்பவர் என்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்த நற்பண்புகளை நினைவூட்டினார்கள். அதன்பின் தமக்குத் தெரியாத விஷயத்தில் தாமே தீர்ப்புச் சொல்லாமல், வேதங்களை அறிந்தவரான வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

தாய்மார்களே! பிள்ளை நடுக்கத்தோடு வீடு திரும்பினால் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறான் பார்" என்கிறோம். அவனிடம் இருக்கும் நல்லதை மறந்து, இல்லாததைப் பட்டியல் போடுகிறோம். போர்வை கடைசியில்தான் வருகிறது. சில வீடுகளில் வருவதே இல்லை.

வீட்டு ஏக்கத்தையும் நாம் கேலி செய்கிறோம். "ஆண் பிள்ளை அழலாமா?" என்கிறோம். முஹாஜிர்கள் மதீனா வந்து சேர்ந்த புதிதில் என்ன நடந்தது? அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றோரே காய்ச்சலில் விழுந்தார்கள். மக்காவின் சுடுமணலில் மார்பில் பாறை ஏற்றப்பட்டும் கலங்காத பிலால் (ரலி) அவர்கள், காய்ச்சல் சற்றுத் தணிந்தபோது மக்காவின் புற்களையும் நீர்நிலையையும் மலைகளையும் பெயர் சொல்லி ஏங்கிப் பாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேள்வியுற்று, ஹிஜ்ரத் செய்தவர் பழைய ஊரை நினைக்கலாமா என்று கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்ற கருத்தில் இறைஞ்சினார்கள். அதன் காற்றும் நீரும் உடலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். தானியம் அளக்கும் அதன் ஸாஉ, முத்து அளவைகளில்கூட பரக்கத்தைக் கேட்டார்கள். புதிய ஊர் மனத்துக்கு ஒத்துப்போவதில் சோற்றுக்கும் பங்கு உண்டு என்பதை அந்த துஆ நமக்கு உணர்த்துகிறது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளை குறை சொன்னால் நாவடக்கம் இல்லாதவன் என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு நம் விடுதி மாணவர்களுக்கென்றே வந்தது போன்றது. ஏறத்தாழ ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலர் மார்க்கம் கற்க மதீனா வந்து, 20 நாட்கள் நபி (ஸல்) அவர்களிடம் தங்கினார்கள். தங்கள் குடும்பத்தாரை நினைத்து அவர்கள் ஏங்குவதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்தார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டார்கள். பிறகு குடும்பத்திடம் திரும்பிச் சென்று கற்றதைக் கற்பிக்குமாறு கனிவோடு அனுப்பி வைத்தார்கள். அந்த இளைஞர்கள் வாய் திறந்து முறையிட்டதாக அறிவிப்பில் இல்லை. ஆசிரியர்தாம் கண்டுகொண்டார்கள். 2003இல் என் முன்னால் வந்து முறையிட்டவரையே நான் கண்டுகொள்ளவில்லை.

இளைஞர்களே! இப்போது உங்களிடம் பேசுகிறேன்.

பயம் வரும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. ஆபத்திலிருந்து தப்பிக்க அல்லாஹ் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு இது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலப்பதால் நிகழ்கிறது. சிங்கம் வந்தாலும் இதுவே நடக்கும். 60 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டியிருந்தாலும் இதுவே நடக்கும். உடலுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. பயந்த இடத்தை விட்டு விலகினால் அந்த நிமிடத்துக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி என்பது மனநல மருத்துவர்கள் கண்ட உண்மை. ஒரு நாள் உணவுக்கூடத்துக்குப் போகாவிட்டால், மறுநாள் போவது இரு மடங்கு கடினம். விலகாமல் அதே இடத்தில் சற்று நேரம் நின்றால், படபடப்பு தானாகவே இறங்கும். அடுத்த முறை இன்னும் சற்றுக் குறையும். ஆகவே சிறிய அளவில் தொடங்குங்கள். முதல் வாரம் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள், அது போதும். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்க அச்சமாயிருந்தால், வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் தனியே சென்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அதை விரும்பவே செய்வார்கள். விரும்பாத ஓரிருவரும் இருப்பார்கள். அவர்களுக்காக மற்றவர்களை இழந்துவிடாதீர்கள்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். அவர்களோடு சகோதரராக இணைக்கப்பட்ட ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். புதிய ஊரில் அவர்கள் கேட்டது ஒரு வழி. நீங்களும் வழி கேளுங்கள். நூலகம் எங்கே, எந்தத் தாளுக்கு எந்த நூல் எளிது, சென்ற ஆண்டு வினாத்தாள் யாரிடம் உண்டு என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். கேட்பதால் மானம் போவதில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுத்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருப்பதை, கல்லூரிக்குச் செல்லும் நம் பெண் மக்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்துச் செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு மாதங்கள் வகுப்பு விளங்காமல் இருப்பது அறிவுக்குறைவால் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் விசை, முடுக்கம், வேகம் என்று நீங்கள் நன்கறிந்த அதே பொருள்தான் அங்கே வேறு பெயரில் வருகிறது. ஒரு சிறு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதி வாருங்கள். நாளுக்குப் பத்துச் சொல் என்றால் இரண்டு மாதத்தில் அறுநூறு. அதற்குள் வகுப்பின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டிடவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. 2003இல் சேர்ந்த நம் சகோதரருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அந்த நோட்டைப் பற்றிச் சொல்லக்கூட ஆள் இருக்கவில்லை.

முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில், பெரும்பாலும் கணிதத்தில், தவறிவிடுகிறவர்கள் உண்டு. அதை 'அரியர்' என்கிறார்கள். அடுத்த முறை எழுதித் தேறலாம். பள்ளியில் முதல் மாணவராக இருந்து பழகியவருக்கு அது உலகம் இடிந்தது போல் தோன்றும். அந்த நேரத்தில் தனியே அறையில் படுத்துக்கொள்ளாதீர்கள். வருகைப்பதிவுக் குறைவுதான் உண்மையில் ஆபத்தானது. 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதும் வாய்ப்பே கேள்விக்குறியாகும். மதிப்பெண் எப்படி இருந்தாலும் வகுப்பில் போய் உட்காருங்கள்.

தொழுகை விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். ஜும்ஆ நேரத்தில் வகுப்பு இருந்தால், வகுப்புப் பொறுப்பாசிரியரை முதல் வாரமே சந்தித்துப் பணிவோடு சொல்லுங்கள். சொல்லாமல் நழுவினால் பொறுப்பற்றவர் என்ற பெயர் வரும். சொல்லிவிட்டுச் சென்றால் பெரும்பாலும் வழி பிறக்கும். விடுதியில் இறைச்சி ஹலாலா என்ற ஐயம் இருந்தால் சைவ உணவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதற்காக உண்ணும் மேசையையே விலக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் சிலர் நான்கு ஆண்டுகளும் நம்மவர் அறையிலேயே அடைந்து கிடந்துவிட்டு வருகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அறையில் உடன் இருப்பவர் எந்தச் சமயத்தவராயினும் அவர் உங்கள் அண்டை வீட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு வந்தால் அவர் கொடுப்பார்.

ராகிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1996இல் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் விளைவாகத் தமிழக அரசு 1997இல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் வழி உண்டு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளை வகுத்தது. 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். மூத்த மாணவர் பெயரும் ஊரும் கேட்பதை எல்லாம் கொடுமை என்று எண்ணி ஓடவும் வேண்டாம். அவமதிப்பும் அடியும் வந்தால் பொறுமை என்ற பெயரில் மறைக்கவும் வேண்டாம். நாளை நீங்கள் மூத்த மாணவராகும்போது, உங்களைக் கண்டு ஒரு புதியவர் நடுங்கினால், அதற்கு நீங்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே! இப்போது கைப்பேசி இருக்கிறது, நாள்தோறும் பேசுகிறீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை "ம்" என்று சொல்லும், பேச்சு முடிந்துவிடும். "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு பெயர் வந்தால் நிம்மதி அடையுங்கள். வாரக்கணக்கில் ஒரு பெயரும் வரவில்லை என்றால் அடுத்த பேருந்தில் ஏறிப் போய்ப் பாருங்கள். திட்டுவதற்காகப் போகாதீர்கள், ஒரு வேளை உடன் அமர்ந்து உண்டுவிட்டு வாருங்கள். பணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். வாப்பாவின் வியர்வை பிள்ளைக்குத் தெரியும்; தெரிவதால்தான் பல பிள்ளைகள் தம் துன்பத்தைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள்.

எல்லாப் பயமும் பேச்சால் தீராது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கம் இல்லை, உணவு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய நோய். கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சு ஒரே ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தாயத்துக் கட்டிக் காலம் கடத்தாதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற மனநல உதவிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அடிக்கடி பாதுகாப்புத் தேடியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பாதுகாப்புத் தேட வேண்டிய அளவுக்கு அது மெய்யான துன்பம் என்பதே இதன் பொருள். துக்கத்தில் இருந்தவருக்கு வாற்கோதுமையும் பாலும் சேர்த்த தல்பீனா என்னும் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் காய்ச்சித் தரச் சொன்னார்கள். அது நோயாளியின் இதயத்துக்கு இதமளிக்கும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாகவும் சொன்னார்கள். சவூதியிலிருந்து வந்த சகோதரர் திண்ணையில் அமர்ந்து கஞ்சியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது. எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த ஹதீஸ் அது.

நம் சமுதாயத்துக்குக் கல்வியின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 2006இல் சச்சார் குழு நம் பின்தங்கிய நிலையை எடுத்துரைத்தது. 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அதற்காகக் கூட்டம் போட்டோம், கோரிக்கை வைத்தோம். கதவு திறந்தபின் உள்ளே சென்ற பிள்ளை மூன்றாவது வாரம் இரவுப் பேருந்தில் திரும்பி வந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்? இந்த மஹல்லாவில் இதுவரை ஒன்றும் இல்லை. இமாமாகிய நானே அதற்கு முதல் பொறுப்பாளி.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளோடு பேசி ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்று ஜும்ஆவுக்குப் பின் ஹவுழ் அருகே ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கும். இவ்வாண்டு வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் ஆண், பெண் பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். திருச்சி, கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் படித்து முடித்த, இப்போதும் படித்துக்கொண்டிருக்கிற நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயரையும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கு, அவ்வூர்களில் படித்த நம் சகோதரிகள் இருவர் பொறுப்பேற்க முன்வந்துள்ளனர். முதல் மூன்று வாரங்கள், வாரம் ஒருமுறையேனும் புதியவரை நேரில் சென்று பார்ப்பது, உடன் அமர்ந்து ஒரு வேளை உண்பது ஆகிய இவ்வளவுதான் வேலை. பயந்து திரும்பி வருகிற பிள்ளைக்கு இந்தப் பள்ளிவாசலின் பின்னறை திறந்திருக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டோம். முதலில் உறங்கட்டும்.

அந்தச் சகோதரருக்கும் பதில் சொல்லிவிட்டேன். மகளிடம், "எனக்கும் பயமாகத்தான் இருந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை, நீ என்னிடம் சொல்" என்று மட்டும் சொல்லும்படி கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, விடுப்புக் கேட்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை தாமே மகளைத் திருச்சிக்கு அழைத்துச் செல்ல விரும்புவதாகவும் கூறினார். இன்று அதிகாலை வந்து சேர்ந்துவிட்டார். இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறார்.

யா அல்லாஹ்! இவ்வாண்டு வீட்டை விட்டுப் புறப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு, அவர்கள் செல்லும் ஊர்களைப் பிரியமானவையாக ஆக்குவாயாக! அங்குள்ள காற்றையும் நீரையும் உணவையும் அவர்களுக்கு ஒத்துப்போகச் செய்வாயாக! மூஸா (அலை) அவர்களுக்கு ஹாரூனைக் கொடுத்தது போல, ஒவ்வொருவருக்கும் ஒரு துணையைக் கொடுப்பாயாக! ஆமீன்.